கறுக்காத பல்பு

அக்டோபர் 5, ஞாயிறு

கழற்றிய பல்பின் கண்ணாடி கறுக்கவில்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன். ஹெட்லைட் பல்பு ஃபியூஸ் ஆனால் உள்ளே புகை பிடித்த மாதிரி கறுத்திருக்கும். இல்லாவிட்டால் நடுவில் இருக்கும் கம்பி அறுந்து ஆடும். இதில் இரண்டும் இல்லை. கடையில் வாங்கிய அன்று இருந்தது போலவே இருந்தது.

அப்பா சொன்னதால் மாற்றினேன். வலது பக்க விளக்கு மங்கலாக அடிக்கிறதாம். ஆயுத பூஜைக்கு அம்மா விளக்குக் கண்ணாடி மேலேயே சந்தனத்தை அப்பிவிட்டாள், அதனால்தான் என்று புதன்கிழமையிலிருந்து அவளைத் திட்டிக்கொண்டிருந்தார். சந்தனத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பிறகும் மங்கல் என்றார். அதனால் பல்பு.

எங்கள் ஜீப் போடியிலிருந்து மலைமேல் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிறது. ஓட்டுவது அப்பா. ஏறுவது எங்கள் தெருப் பெண்கள், அம்மாவும் சேர்த்து. விடியும் முன் கிளம்பினால் வீடுகளில் விளக்குப் போட்ட பிறகுதான் திரும்புவார்கள். இனி போகும்போதும் பனிமூட்டம், வரும்போதும் மூட்டம். நான் வீட்டில் இருக்கிறேன். சோறாக்குவது, வண்டி கழுவுவது, பல்பு மாற்றுவது என் வேலை.

மாற்றுவது கஷ்டம் இல்லை. வளையத்தைக் கழற்றி, விளக்கை முன்னால் இழுத்து, பின்னால் இருக்கும் பிளக்கைப் பிடுங்கி, ரப்பர் மூடியை உரித்து, கம்பிக் கொக்கியைத் தள்ளினால் பல்பு கைக்கு வந்துவிடும். புதியதன் கண்ணாடியை மட்டும் விரலால் தொடக் கூடாது. விரலின் பிசுக்குப் பட்ட இடம் சூடாகி, பல்பு சீக்கிரம் போய்விடும். நான் அப்பாவின் பழைய பனியன் துணியால் பிடித்துக்கொள்வேன்.

கழற்றியதை எறியவில்லை. பிஸ்கட் டப்பாவில் போட்டேன். அதில் முன்பே மூன்று கிடக்கின்றன.

அக்டோபர் 6

வலது பக்கம் இன்னும் மங்கல் என்றார்.

அக்டோபர் 8

எர்த் ஒயர் சரியாகப் பிடிக்காவிட்டாலும் விளக்கு மங்கும். பேனட்டுக்குக் கீழே, ஒயர் பாடியில் முறுக்கியிருக்கும் இடத்தில் துரு இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் திருப்பி முறுக்கினேன். அம்மா நின்று பார்த்தாள். "வெளிச்சம் வந்துருமா?" என்று கேட்டாள். வரும் என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

இரவு அப்பா முன்கண்ணாடியைத் துடைக்கச் சொன்னார். காலையிலேயே துடைத்திருந்தேன். மறுபடி துடைத்தேன். "தொடச்சியா, தடவுனியா? பொகை படிஞ்சாப்புல கெடக்கு" என்றார். மூன்றாம் தடவை பேப்பரை நனைத்துத் துடைத்தேன். வானத்து நட்சத்திரம் அதில் தெரிந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

நான் பொதுவாகவே ஒன்றும் சொல்வதில்லை. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எழுத்து தெரியும், குரல் வராது. பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். வீட்டில் யாரும் ஏன் என்று பெரிதாகக் கேட்கவில்லை. அம்மா அப்போதுதான் தோட்ட வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். உரக்கடையில் அப்பாவுக்குக் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. அதில்தான் எழுதுகிறேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

முன்பக்கத்துப் பார்க்கிங் விளக்கு இரண்டும் எரியவில்லை. கட்டைவிரல் நுனி அளவுக் குண்டு பல்புதான். ஹெட்லைட் இருக்கும்போது இது எதற்கு என்று நினைத்து ஒரு வாரமாக விட்டுவிட்டேன். அப்பா கத்தினார்.

"இது எதுக்குன்னு நெனச்ச? பூச்சிக்கா? மலையில ஒரு ஹெட்லைட்டு பட்டுன்னு போச்சுன்னு வையி. எதுக்கால வர்றவன் ஒத்த லைட்டப் பாத்து பைக்குன்னு நெனச்சு நடு ரோட்டுல ஏறி வந்துருவான். லைட்டு செத்த பக்கத்துல இந்தப் பொடி லைட்டு மினுக்குனாத்தான், ஓகோ, ஜீப்பு வருதுன்னு ஒதுங்குவான். பதினாலு பொம்பளைங்கள ஏத்திக்கிட்டுப் போறேன், ஆட்டுக்குட்டிய இல்ல."

இரண்டையும் மாற்றினேன். பின்னால் பிரேக் லைட்டும் பார்த்தேன். அதில் ஒரே பல்புக்குள் இரண்டு கம்பி. அமுக்கித் திருப்ப வேண்டும். அம்மா பிரேக்கை மிதித்தாள், நான் பின்னால் நின்று பார்த்தேன். எரிந்தது.

பிறகு ஒரு காரியம் செய்தேன். அப்பா குளிக்கப் போனபோது இடது ஹெட்லைட் பல்பைக் கழற்றி வலதில் போட்டேன். வலதை இடதில் போட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை. கோளாறு பல்பில் இருந்தால் இனி இடது பக்கம்தான் மங்க வேண்டும்.

அக்டோபர் 13

வலது பக்கம் மங்கல் என்றார்.

அக்டோபர் 16

ஆட்டோ எலக்ட்ரிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சிக்கந்தர் அண்ணன். கடையில் வேறு ஆட்கள் நின்றார்கள். அவர்கள் போகும்வரை எதிரில் இருந்த வாழைக்காய்க் கடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு டப்பாவை நீட்டினேன்.

"என்னம்மா, ராசாங்கத்தண்ணன் மகதான? பேச மாட்டியா, இன்னும் அப்பிடியேதான் இருக்கியா?" என்றார். டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துப் பேட்டரியில் வைத்தார். எரிந்தது. அடுத்ததும் எரிந்தது. நான்கும் எரிந்தன. "எல்லாம் நல்ல பல்புத்தா. எவன் கழட்டச் சொன்னான்?"

நான் டப்பாவை மூடினேன்.

"பேட்டரிக்குப் போற கட்-அவுட்டு, சுவிட்சு எல்லாம் பாத்தாச்சா? வண்டியக் கொண்டாரச் சொல்லு, ஒரு பார்வை பாத்துரலாம்."

சரி என்று தலையாட்டினேன். அப்பாவிடம் சொன்னபோது, "அவன் கெடக்கான். வேலை இல்லேன்னா வேலைய உண்டாக்குவான்" என்றார். பிறகு, "இப்ப வர்ற வண்டியில பூரா வெள்ள லைட்ட மாட்டிக்கிட்டு வர்றானுக. முள்ளு முள்ளா அடிக்குது. மனுசன் எப்பிடி ஓட்டுவான்?" என்றார். இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 18

பாப்பாத்தி அக்கா மாவு அரைக்க வந்தாள். ஜீப்பில் அவளுக்குத்தான் வாய் பெரிது. யார் எங்கே உட்கார வேண்டும், யார் வாந்தி எடுப்பாள், யாருக்கு ஜன்னல் ஓரம் என்று எல்லாம் அவள் சொன்னபடிதான். வீட்டுக்காரர் இல்லை. நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது.

"ஒங்கம்மாவுக்கு வந்த வாழ்வப் பாத்தியா சுகா?" என்றாள். "முன்னெல்லாம் எங்ககூடப் பின்னாடி ஒக்காந்து கதை பேசிக்கிட்டு வருவா. இப்ப ரெண்டு மாசமா முன் சீட்டு. புருசன் பக்கத்துலதான் ஒக்காருவாளாம் புதுப்பொண்ணு."

அம்மா சிரித்தாள். "ஒனக்கு வயித்தெரிச்சல்."

"ஒக்காந்தாலும் சும்மா வர்றாளா? பாறையப் பாத்தா இந்தா பாறைங்குறா. பாலத்தப் பாத்தா இந்தா பாலம்ங்குறா. லாரி வருது, லாரி பின்னாடி பஸ்சு வருது, வளைவுல மாடு நிக்குது. ராசாங்கத்தண்ணனுக்கு என்ன கண்ணா தெரியல? இருபது வருசமா அந்த ரோட்டுலதான கெடக்கு."

அம்மா சிரித்துக்கொண்டே மாவை வழித்தாள். ஒரு கை மாவு தரையில் விழுந்தது. அவள் மாவைச் சிந்துகிற ஆள் இல்லை.

அக்டோபர் 21

தீபாவளி முடிந்து இன்றும் தோட்டம் லீவு. மழை.

அப்பா காலண்டருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தார். பிறகு வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். மறுபடி இடது. காலண்டரில் என்ன பார்த்தார் என்று தெரியவில்லை. நான் அடுப்படியில் இருந்தேன். தட்டை எடுக்க வந்தவள் எடுக்காமல் திரும்பிவிட்டேன்.

மத்தியானம் சோறு போட்டபோது தண்ணீர்ச் சொம்பை வலது கைப் பக்கம் வைத்தேன். தட்டிவிட்டார். இனி இடது பக்கம் வைக்க வேண்டும்.

அக்டோபர் 26, ஞாயிறு

அப்பா புதுப் பல்பு வாங்கி வந்து கொடுத்தார். இந்தத் தடவை அதிக வெளிச்சம் தரும் பல்பாம். அதைப் போட்டால் ஒயர் சூடாகும், ஹோல்டர் உருகும் என்று சிக்கந்தர் அண்ணன் ஒருமுறை யாரிடமோ சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

வளையத்தைக் கழற்றினேன். ரப்பரை உரித்தேன். பழைய பல்பையே துடைத்து மறுபடி போட்டேன். எல்லாவற்றையும் மூடி, சுவிட்சைப் போட்டு, "மாத்திட்டேம்ப்பா" என்றேன்.

அப்பா உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்தார். சுவரில் இரண்டு வட்டம் ஒரே மாதிரி விழுந்திருந்தது.

"ம். இப்பத்தான் வெளிச்சம்" என்றார்.

புதுப் பல்பு டப்பாவில் இருக்கிறது.

நவம்பர் 2, ஞாயிறு

அம்மா வழுக்கிவிட்டாள். தண்ணீர்க் குழாயடியில் பாசி. கணுக்கால் வீங்கிப் பந்து மாதிரி இருக்கிறது. எலும்பு முறியவில்லை, ஒரு வாரம் ஊன்றக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

சாயங்காலம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். அப்பா வெளியே டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு எனக்குப் பதிலா தோட்டத்துக்கு நீ போ."

நான் ஏலப் பழம் எடுக்கப் போனதில்லை என்றேன்.

"பழம் எடுக்கறத பாப்பாத்தி காட்டுவா. நீ முன் சீட்டுல ஏறிக்க. வழியில எது வந்தாலும் சொல்லிக்கிட்டே வா. வண்டி வருது, வளைவு வருது, எதுன்னாலும். சொல்ற மாதிரி இருக்கக் கூடாது. பராக்குப் பாக்குற மாதிரி சொல்லு."

எனக்குப் பேச வராது என்று அவளுக்குத் தெரியும்.

"எத்தன நாளாம்மா?" என்று கேட்டேன்.

அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வலது கண்ணு மட்டுந்தான்" என்றாள். "புரை. மருந்துக்கடைத் தம்பிதான் பாத்துட்டுச் சொன்னான், பாலாடை விழுந்தாப்புல இருக்குன்னு."

நவம்பர் 3

காலையில் மலை ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. முன்னால் ஒரு ஜீப் போனது. அப்பா அதன் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே போனார். அம்மா உட்காரும் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். "என்னாத்தா, ஒங்கம்மா சீட்டுல ஒக்காந்துட்ட, பேச்சக் காணோம்" என்று அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன்.

பகல் முழுவதும் குனிந்து பழம் எடுத்தேன். இடுப்பு வலிக்கிறது. விரலில் இன்னும் ஏல வாசனை இருக்கிறது.

இறங்கும்போது முன்னால் வண்டி எதுவும் இல்லை. மூட்டம் பேனட் வரை வந்துவிட்டது. நான் முதல் வளைவில், "வளைவு" என்றேன். எஞ்சின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. அப்பா, "என்னாது?" என்று சாய்ந்தார். பின்னாலிருந்து பாப்பாத்தி அக்கா, "வாய்க்குள்ளயே பேசிக்கிறியா சுகா? எங்களுக்கும் சொல்லு, சிரிக்கிறோம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு எனக்குச் சுத்தமாகக் குரல் வரவில்லை. இரண்டு வளைவு, ஒரு பாலம், ஒரு பஸ். எதையும் சொல்லவில்லை. அப்பா எல்லாவற்றையும் சமாளித்தார்.

பிறகு கீழேயிருந்து ஒற்றை வெளிச்சம் வந்தது. எங்களுக்கு வலது கைப் பக்கம், ரோட்டின் அந்த ஓரத்தில். பார்த்தால் ஓரமாக ஒதுங்கி ஏறுகிற பைக் மாதிரிதான் இருந்தது. அப்பா இடது ஓரத்தில் மழைக்குச் சரிந்து கிடந்த மண்ணை விட்டு விலகி நடுவுக்கு வந்தார்.

அந்த வெளிச்சத்துக்கு இடது பக்கத்தில், ஒரு ஆள் கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், மஞ்சளாகச் சின்னதாக ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அது எங்களுக்கு நேராக வந்தது. நான் பார்த்தேன். அப்பாவும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜீப்பு! அப்பா, ஜீப்பு!"

என் சத்தம் அப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அப்பா இடது பக்கம் ஒடித்தார். தகரம் கிழிகிற சத்தம். எங்கள் வலதுபக்கச் சைடு கண்ணாடி பறந்தது. ஜீப் மண்சரிவில் முட்டி நின்றது. பின்னால் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள். யாருக்கும் பெரிய அடி இல்லை.

அந்த ஜீப்காரன் இறங்கி ஓடி வந்தான். "நடு ரோட்டுல வர்ற? கண்ணு என்ன பொடணியிலயா இருக்கு?"

அப்பா பேசுவதற்குள் பாப்பாத்தி அக்கா குதித்துவிட்டாள். "ஒத்தக் கண்ணு வண்டிய ஓட்டிக்கிட்டு வந்துட்டு எங்கண்ணனக் கேக்குறியா? பைக்குன்னுதான்யா நெனப்பாங்க!"

"ஹெட்லைட்டு இப்பத்தான்க்கா போச்சு. பார்க்கிங்கு எரியுதுல்ல? இந்தா எரியுதா இல்லையா? அதக்கூடப் பாக்காம வந்தா?"

"மூட்டத்துல எவனுக்குய்யா தெரியும் ஒன் மின்மினிப் பூச்சி?"

பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அவன் ஒருவன், இவர்கள் இத்தனை பேர். திட்டுவாங்கிக்கொண்டே ஏறிப் போய்விட்டான். அப்பா வண்டியை விட்டு இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். அவன் வண்டி போகும்போது அந்தப் பார்க்கிங் விளக்கைப் பார்த்தேன். நன்றாகவே எரிந்தது.

பாப்பாத்தி அக்கா என் தோளைப் பிடித்து, "நீ எப்பிடித்தா பாத்த?" என்றாள்.

மிச்ச வளைவுகளை நான் சொல்லிக்கொண்டே வந்தேன். சத்தமாகச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

நவம்பர் 4

இன்று வண்டி போகவில்லை. வலது பக்க இண்டிகேட்டர் நொறுங்கிவிட்டது. ஆரஞ்சு மூடியும் பல்பும் மாற்றினேன். மட்கார்டு நெளிசலை அப்பா சுத்தியால் தட்டி எடுத்தார். ஹெட்லைட் வளையம் கோணியிருந்தது. அதையும் தட்டி மாட்டினேன். பல்பு இரண்டும் எரிந்தன. அந்த மண்சரிவில் முட்டியும் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்பாவும் அம்மாவும் உள்ளே பேசியது கேட்டது.

"ஆப்ரேசன்னா ஒரு நாள் வேலைதானாம்யா. காலையில போனா சாயங்காலம் வந்துரலாமாம்."

"வந்து? ஒரு மாசம் வண்டி எடுக்கக் கூடாதும்பான். தோட்டத்துல பழம் காத்துக்கிட்டு இருக்குமா? கங்காணி மறுநாளே வேற வண்டியப் போட்டுருவான். அதுக்கப்புறம் எவன் கூப்புடுவான்? தை பொறக்கட்டும். பழம் முடிஞ்சிரும். பாத்துக்கலாம்."

"நேத்து மாதிரி ஆனா?"

"நேத்து ஆனது மூட்டத்துல. அவனுக்கு ஒத்த லைட்டு. எவனா இருந்தாலும் ஏமாந்துருப்பான்."

அப்பா வெளியே வந்து மறுபடி சுத்தியை எடுத்தார்.

பாப்பாத்தி அக்கா மத்தியானம் அம்மாவின் காலுக்குத் தைலம் கொண்டுவந்தாள். குழந்தையையும் தூக்கி வந்தாள். "ஏய், இந்த அக்காவுக்கு ஒரு முத்தங் குடு. இவ கத்தலேன்னா ஒங்காத்தா இன்னிக்கு இல்ல" என்று குழந்தையை என் மடியில் போட்டாள். குழந்தை முத்தம் கொடுக்கவில்லை, என் வளையலைப் பிடித்து இழுத்தது. "ராசாங்கத்தண்ணன் கையா இருக்கவும் தப்பிச்சோம். வேற ஒருத்தன்னா உருண்டுருக்கும்" என்றாள் பாப்பாத்தி அக்கா. அம்மா ஆமாம் என்றாள். நான் டீ போடப் போனேன்.

அவள் போன பிறகு அம்மா, "நாளைக்கும் நீயே போ. நேத்துக் கடைசியில சொன்னாப்புலயே சொல்லிக்கிட்டு வா" என்றாள்.

பாப்பாத்தி அக்காவிடம் சொல்லிவிடலாமே என்றேன்.

"வாயத் தொறந்துறாத. தெருவுல ஒருத்தி நம்ம வண்டியில ஏற மாட்டா."

நவம்பர் 5

வேலைக்குப் போகாததால் எழுத நேரம் இருக்கிறது.

விடியும் முன்பே எழுந்தேன். அப்பா பல் விளக்கப் போயிருந்தார். வளையம், பிளக், ரப்பர், கொக்கி. முதலில் வலது, பிறகு இடது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாதபடி எல்லாவற்றையும் திருப்பி மாட்டினேன். பல்பு இரண்டையும் பனியன் துணியில் சுற்றிக்கொண்டேன். டப்பாவில் இருந்ததை ஒன்றுகூட விடாமல் அப்படியே கிணற்றுமேட்டுப் பக்கம் கொண்டுபோய்ச் செடிக்குள் வைத்தேன்.

பெண்கள் சோற்று வாளிகளோடு வந்து ஏறினார்கள். "முன்னாடி ஏறு சுகா. இன்னிக்கு எங்க காதக் கிழிக்காத" என்றாள் பாப்பாத்தி அக்கா. நான் ஏறவில்லை. அப்பா வண்டியைக் கிளப்பி சுவிட்சைப் போட்டார். பார்க்கிங் மட்டும் எரிந்தது. மறுபடி போட்டார். எதிர்ச் சுவர் இருட்டாகவே இருந்தது.

"பல்பு போச்சா? ரெண்டும் ஒண்ணாவா போகும்?" என்றார். "சுகா, ஃபியூசப் பாரு. இல்லேன்னா டப்பாவுல பழசு ஏதாச்சும் கெடக்கும், எடுத்துட்டு வா."

வீட்டு வாசலில் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள். என் கையில் இருந்த துணியைப் பார்த்தாள்.

நான் ஜீப்பின் பின்பக்கம் போனேன். பள்ளிக்கூடத்தில் வாசிக்க எழுந்து நின்றது போல நின்றேன். பாப்பாத்தி அக்கா கடைசி ஆளாக ஏறிப் படிப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். குனிந்து, "என்னடி?" என்றாள்.

"பல்பு எதுவும் கெடலக்கா. நல்லாத்தான் இருக்கு. அப்பாவுக்குத்தான் வலது கண்ணு தெரியல."

அப்பா எஞ்சினை அணைத்தார்.

துணியைப் பிரித்து பல்பு இரண்டையும் அவள் கையில் கொடுத்தேன். கண்ணாடியைத் தொடாமல் பிடிக்கச் சொன்னேன்.